அயன் திருத்தப்படும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவர் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க அயன் திருத்துவீங்களாமே?"

வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே வயர் விட்டுப்போயிருந்தது. ஐந்து நிமிட வேலை. காசு வாங்கவில்லை. போகும்போது அக்கா பின்பக்கத்துச் சாய்ப்பை எட்டிப் பார்த்தார். சுவரோடு சாய்த்துவைத்த முப்பது, நாற்பது கோல்ப் கிளப்.

"இதெல்லாம் என்ன, பொல்லா?"

"இதுவும் அயன்தான் அக்கா. நான் திருத்துறது இந்த அயனை."

அவருக்கு விளங்கியதா தெரியாது. சிரித்துக்கொண்டே போனார். கோல்பில் இரும்புத் தலை வைத்த கிளப்புக்கும் அயன் என்றுதான் பெயர். நம்பர் கூடக் கூட முகம் சாயும், பந்து உயரமாகவும் கிட்டவும் போகும்.

பகலில் நான் பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொட்டாஞ்சேனை வீட்டில் கிளப்புகளுக்குப் பிடி மாற்றுவேன், கழன்ற தலையை ஒட்டுவேன், கழுத்தை வளைத்துக் கோணம் சரிபார்ப்பேன். ஆகப் பகலும் இரும்பு, இரவும் இரும்பு. கோல்ப் ஆடுவீர்களா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆடுவதற்கான காசும் நேரமும் என்னிடம் இருந்ததில்லை. தூக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பிறந்தது நுவரெலியா. பள்ளி விடுமுறையில் அங்கே கோல்ப் மைதானத்தில் கேடியாகப் போனேன். முதல் நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்து "கேடி வேலை கிடைச்சிருக்கு" என்று சொன்னதும் பாட்டி தலையில் கை வைத்துவிட்டார். "ஊருல எத்தனையோ வேலை இருக்கு, போயும் போயும் கேடி வேலைக்கா போற?" பொலிஸ் பதிவேட்டில் இருக்கிற கேடி வேறு, பை தூக்குகிற கேடி வேறு என்று புரியவைக்க இரண்டு நாள் எடுத்தது. சம்பளத்தில் ஒரு றாத்தல் சீனி வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் மலர்ந்தது.

ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து ஆட்கள் மேலே வருவார்கள். முதல் நாளே ஆளாளுக்குச் சந்தோஷம் தாங்காது. கொழும்பில் ஏழாம் நம்பர் அயனால் 140 யார் (கெஜம்) தூரம் அடிக்கிறவர் இங்கே 150 அடிப்பார். நுவரெலியா ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, காற்று ஐதானது, பந்தைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஆனால் ஒருவராவது காற்றுக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. "புது செட் எப்படி வேலை செய்யுது பார்த்தியா தம்பி!" என்பார்கள். காற்று செய்த வேலையைக் கிளப்பின் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் நான் கணக்கெழுதப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே பிழையை மறுபக்கமாக நான் செய்தேன். கொழும்புக்கு வந்த புதிதில் தெரிந்த ஒருவர் பொரளைப் பக்கம் ரோயல் கொழும்பு கோல்ப் கழகத்துக்குத் தன் பையைத் தூக்க அழைத்துப்போனார். 1879இல் காலிமுகத் திடலில் தொடங்கி, 1896இல் இப்போதைய ரிஜ்வே திடலுக்கு வந்து, 1928இல் ரோயல் பட்டம் வாங்கிய இடம். அங்கே எனக்கு மறக்காமல் இருப்பது ஆட்டம் இல்லை, ரயில். களனிவெளிப் பாதை திடலுக்குள்ளாலேயே போகிறது. அவிசாவளைப் பக்கம் போகிற பெட்டியில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர் நாம் பந்து அடிப்பதை வேடிக்கை பார்ப்பார். அன்றைக்கு ரயில் போகும்வரை நின்று, தூரத்தைப் பார்த்து, மலைக் கணக்கிலேயே எட்டாம் நம்பரை எடுத்து நீட்டினேன். அவர் நன்றாகத்தான் அடித்தார். பந்து பத்து யார் முன்னுக்கே விழுந்து மணலுக்குள் போய் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை என்னைக் கேட்காமல் கிளப்பை அவரே உருவிக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத வைத்தது வெள்ளவத்தைத் தம்பி ஒருவர். கணினி நிறுவனமொன்றில் வேலை, ஆடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்.

"அண்ணை, டுபாயிலயிருந்து மாமா வாறார். டைகர் பாவிக்கிற அதே அயன் செட் ஒண்டு மலிவாக் கிடக்குதாம். எடுக்கட்டோ?"

இந்தக் கேள்வி வருடத்தில் பத்துத் தடவையாவது எனக்கு வரும். கேட்கிறவர் மாறுவார், வீரர் மாறுவார், கேள்வி அதேதான். தம்பிக்கு அன்று இரவு அனுப்பிய பதிலையே இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

டைகர் வூட்ஸ் பாவிக்கிற அயன் டெய்லர்மேட் நிறுவனத்தின் பி7டிடபிள்யூ. 2019இல் அவர் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றது அதை வைத்துத்தான். அது பிளேட் வகை. முதுகில் பள்ளம் கிள்ளம் ஒன்றுமில்லாத, மெல்லிய, சின்ன முகமுள்ள, அடித்துச் செய்த இரும்பு. பார்க்க அழகு. மேசையில் வைத்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாமே குண்டாகத் தெரியும். நானும் ஒன்றைக் கையில் எடுத்து மணிக்கணக்காகத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் டைகரின் பையில் நான் கவனிப்பது வேறொன்று. மிசுனோ, டைட்டிலிஸ்ட், நைக்கி, டெய்லர்மேட் என்று அயனின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதன் உருவம் அவ்வளவாக மாறவில்லை. உள்ளே போகிற தண்டு டைனமிக் கோல்ட் எக்ஸ்100, பாரமான, விறைப்பான உருக்குத் தண்டு. அது மாறவே இல்லை என்று சொல்லலாம். நாங்கள் பார்ப்பது முதுகில் குத்தியிருக்கும் முத்திரையை. அவர் விடாமல் வைத்திருந்தது கண்ணுக்குப் பழகிய உருவத்தையும் கைக்குப் பழகிய பாரத்தையும்.

மற்றவர்களின் பைகளையும் பாருங்கள். ஸ்கொட்டி ஷெஃப்லர் 2024இல் அடிமேல் அடி வென்றுகொண்டிருந்தபோது ஐந்தாம் நம்பரிலிருந்து மேலே டைகரின் அதே பி7டிடபிள்யூ. மூன்றும் நாலும் மட்டும் ஸ்ரிக்ஸன் நிறுவனத்தின் தடித்த அடிப்பாகமுள்ள யூட்டிலிட்டி அயன். ரோரி மக்கில்ரோய் அப்போது தனக்கென்றே செய்த பிளேட்டுகளை வைத்திருந்தார், ஆனால் நாலாம் நம்பர் வேறு மொடல், கொஞ்சம் இரக்கமுள்ளது. புரூக்ஸ் கெப்கா கதை இன்னும் ரசமானது. நைக்கி 2016இல் கிளப் செய்வதையே விட்டுவிட்டது. கெப்கா அந்த நைக்கி மூன்றாம் நம்பர் அயனை அதற்குப் பிறகும் வருடக்கணக்காகப் பையை விட்டு இறக்கவில்லை. பிரைசன் டிஷாம்போவை எடுத்தால் அவரின் அயன்கள் எல்லாம் ஒரே நீளம், 2024 யூ.எஸ். ஓபனை வென்றபோது அவற்றின் முகம் முப்பரிமாண அச்சில் செய்த, லேசாக வளைந்த முகம். அதைக் கண்ணால் கண்டால் எங்கள் தெரு கொல்லர் கோபித்துக்கொள்வார்.

உலகத்திலேயே நன்றாக அடிக்கிற ஆட்கள் மூன்று, நாலு போன்ற நீள அயனில் பிளேட்டை நம்பவில்லை. தங்களுக்கு எது கைகொடுக்காதோ அதை வெட்கமில்லாமல் மாற்றிக்கொள்கிறார்கள். தம்பி மூன்றாம் நம்பரிலிருந்து பிட்ச்சிங் வெட்ஜ் வரை ஒரே பிளேட்டாக வாங்கப் பார்க்கிறார்.

இதைச் சொன்னதும் அவர் விடவில்லை. "அப்ப அண்ணை, நான் என்னத்தப் பாவிக்கிறது?" நான் விலை கேட்கவில்லை, ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹேண்டிகெப் கேட்கவில்லை. "இப்ப இருக்கிற ஏழாம் நம்பரின் முகத்தைப் படம் எடுத்து அனுப்புங்க" என்றேன்.

ஏன் முகம்? இதற்கு அந்தக் காலத்து அமெரிக்க வீரர் பென் ஹோகனின் கதையைச் சொல்ல வேண்டும். 1949இல் அவருடைய கார் ஒரு பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதியது. நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்த மனிதர் அடுத்த வருடம் மேரியன் திடலில் யூ.எஸ். ஓபன் ஆடினார். கடைசிக் குழியில் கால் வலியோடு ஒன்றாம் நம்பர் அயனால் அடித்தார். அந்த ஷொட்டை முதுகுப் பக்கமிருந்து ஹை பெஸ்கின் எடுத்த படத்தைக் கோல்ப் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சமநிலையை முறிக்க அடுத்த நாள் நடந்த பிளேஓஃபில் வென்றும்விட்டார். ஆனால் அந்த ஒன்றாம் நம்பர் அன்றைக்கே தொலைந்துபோனது. முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமோ கிடந்து, 1980களில் ஒரு பழைய செட்டோடு வெளியே வந்து, ஹோகனின் கைக்கே திரும்பிப் போனது. தன்னுடையதுதான் என்றார். இப்போது அமெரிக்க கோல்ப் சங்கத்தின் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அதன் முகத்தில் ஒரு நாணயம் அளவுக்குத் தேய்ந்த ஓர் இடம். மற்ற இடமெல்லாம் அப்படியே. ஒன்றாம் நம்பர் என்பது அடிக்கவே முடியாத கிளப் என்று பெயர் வாங்கியது. இடி மின்னலுக்குள் ஒன்றாம் நம்பரைத் தூக்கிப் பிடி, கடவுளாலும் அதை அடிக்க ஏலாது என்ற பகிடி இன்னொரு வீரரான லீ ட்ரெவினோவின் பெயரில் இன்றும் உலாவுகிறது. அப்படிப்பட்ட கிளப்பில் ஒரே இடத்தில் மட்டும் தேய்வு. அதற்குப் பக்கத்தில் கையெழுத்து எதற்கு?

தம்பி அனுப்பிய படத்தில் தேய்வே இல்லை. புழுதி இருந்தது. முகம் முழுக்கப் பரவலாக, நுனியில் கொஞ்சம் கூடுதலாக. "ஞாயிறு வாங்க" என்று எழுதினேன்.

வீட்டுக்குப் பின்னால் மாமரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு வலை கட்டியிருக்கிறேன். முகத்துவாரத்தில் வாங்கிய பழைய மீன்வலை, இரண்டு மடிப்பாக. கீழே தும்புக் கால்மிதி. முகத்தில் பவுடர் தடவிப் பந்தை அடித்தால் பட்ட இடம் அச்சாக விழும், இது எல்லாப் பட்டறைக்காரனுக்கும் தெரிந்த வித்தை. அன்றைக்குப் பார்த்துப் பவுடர் டின் காலி. கடைக்குப் போக அலுப்பு. சாமிப் படத்துக்கு முன்னால் அம்மா வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பார்த்தேன். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் வாங்கியது, மாவு மாதிரி மென்மை. இரண்டு சிட்டிகை எடுத்து ஏழாம் நம்பரின் முகத்தில் பூசினேன்.

பவுடரைவிட நன்றாக இருந்தது, சத்தியமாக. பவுடர் பந்தோடு பறந்துவிடும். திருநீறு லேசாகக் கைவியர்வையின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. தம்பி அடித்தார். எடுத்துப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு, அந்த வட்டத்துக்குள் பந்தின் குழிகள் ஒவ்வொன்றும் தேன்கூட்டை அழுத்தி எடுத்தது போல. நகத்தால் வட்டத்தைச் சுற்றிக் கோடு கிழித்து, படம் எடுத்து, துடைத்து, மறுபடி பூசினேன். பத்துத் தடவை.

பத்தில் இரண்டு நடுவில். ஆறு நுனிப் பக்கம். ஒன்று முகத்தின் அடிவிளிம்பில். மற்றது கழுத்தில் பட்டு வலையையும் தாண்டி வலப்பக்கம் பறந்து அம்மாவின் துளசிச் சாடியைப் பதம்பார்த்தது. அதோடு அம்மா வெளியே வந்தார். சாடியைப் பார்த்தார், என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார், அயனின் நெற்றியைப் பார்த்தார்.

"ஏன்டா, அதுக்கும் துண்ணூறா?"

தம்பிக்கு இனி நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் விளக்கினேன், வந்த ஆளைச் சும்மா அனுப்ப முடியுமா?

பிளேட்டில் பாரமெல்லாம் நடுவில். நடுவில் பட்டால் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி, கைக்கு ஒன்றுமே தெரியாது. விரலகலம் விலகினால் முகம் திரும்பிவிடும், பந்து பத்துப் பதினைந்து யார் குறையும், விரலெல்லாம் விறைக்கும். முதுகைக் குடைந்து பாரத்தை ஓரத்துக்குத் தள்ளினால் முகம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது, இந்த வகைக்குத்தான் கேவிட்டி என்று பெயர். இதைப் பிடிவாதமாகச் செய்து காட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நோர்வேயில் பிறந்து, ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியியலாளராக இருந்தவர். பந்தைக் குழிக்குள் உருட்டுகிற புட்டிங் சரிவராத எரிச்சலில் 1959இல் தானே ஒரு புட்டர் செய்தார். பந்து பட்டதும் "பிங்" என்று சத்தம் வந்தது, அதையே நிறுவனத்துக்குப் பெயராக வைத்துவிட்டார். 1982இல் வந்த பிங் ஐ2 அயன் பார்க்க அவலட்சணம் என்று அக்காலத்து ஆட்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களே வாங்கினார்கள். இன்றைக்கும் ஒரு ஐ2 செட் என் சாய்ப்புக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கழுத்துப் பக்கத்து நிறப்புள்ளியை. கறுப்புப் புள்ளி என்றால் சாதாரணக் கோணம். மற்ற நிறங்கள் அதைவிடப் படுத்தது அல்லது நிமிர்ந்தது. உயரமானவருக்கும் குட்டையானவருக்கும் ஒரே சட்டை சரிவராது என்பதை ஒரு சொட்டுப் பெயின்ற்றில் எழுதிவைத்த மனுஷன்.

கோணம் என்றதும் என் பாவமொன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கிளப்பைத் தரையில் வைத்தால் தண்டு எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்பதுதான் லை. கூட நிமிர்ந்திருந்தால் வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும், படுத்திருந்தால் வலப்பக்கம். ஒரு பாகை பிழைத்தால் நடு அயனில் மூன்று நாலு யார் விலகும். தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது குழியிருக்கிற கிரீனுக்கும் மணலுக்கும் இடையிலான வித்தியாசம். அவர்களின் அயன்களைப் போட்டித் தொடர் நடக்கும் இடத்திலேயே வண்டிக்குள் வைத்து அரைப் பாகை, கால் பாகை என்று அளந்து வளைத்துக் கொடுக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நானும் பஞ்சிகாவத்தையில் ஒரு பெரிய வைஸ் வாங்கி, லேத் வேலைக்காரர் ஒருவரிடம் வளைக்கும் தண்டு கடைந்து எடுத்தேன். அடித்துச் செய்த மென்கரி உருக்கு வளைந்து கொடுக்கும். மெழுகு மாதிரி இல்லை, ஆனால் கேட்ட பேச்சுக் கேட்கும். வார்த்துச் செய்த துருப்பிடிக்காத உருக்கு அப்படி இல்லை.

அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பல் டொக்டர் ஒருவரின் வார்ப்பு ஐந்தாம் நம்பரை இரண்டு பாகை நிமிர்த்தச் சொன்னபோது ஒத்துக்கொண்டேன். ஒன்று வந்தது. இன்னும் ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். டக். தலை வைஸில், தண்டு என் கையில். கழுத்து முறிந்த இடம் சீனிக்கட்டி உடைத்த மாதிரிப் பொரிபொரியாக மின்னியது. அந்த நிறத்தை இப்போதும் கனவில் காண்கிறேன்.

டொக்டரிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னதும் அவர் சிரித்தார். "பரவாயில்ல தம்பி. கேவிட்டியில கை வச்சா சில நேரம் முழுசாக் கழட்டத்தான் வேணும். என்ட தொழிலும் அதான்." அதே மொடல் தனி ஐந்தாம் நம்பரைத் தேடிப் பிடிக்க நாலு மாதம் ஆனது. என் காசு. இப்போது வார்ப்பு அயன் என்றால் ஒரு பாகைக்கு மேல் தொடமாட்டேன், சில மொடலை வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

தம்பிக்கு இன்னொரு மயக்கமும் இருந்தது. அவருடைய நண்பர் புது செட்டில் ஏழாம் நம்பரால் 170 யார் அடிக்கிறாராம், அமெரிக்காவில் தொழில்முறையாக ஆடுகிறவர்களும் சராசரியாக 170 சொச்சம்தானாம். நான் நண்பரின் ஏழாம் நம்பரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தேன். முகத்தின் சாய்வு 29 பாகை. 1970களில் ஏழாம் நம்பர் என்றால் 38, 39 பாகை. இன்றைய தொழில்முறை பிளேட்டுகளே 34, 35இல் நிற்கின்றன. அப்படியானால் நண்பர் அடித்தது கிட்டத்தட்டப் பெரியவர்களின் ஆறாம் நம்பரை, மேலே ஏழு என்று எழுதியிருக்கிறது. நூறு கிராம் சோப்பை எண்பது கிராமாக்கி அதே விலைக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள், இது அதற்கு நேரெதிர்த் தந்திரம். அதற்காகப் புது அயன்கள் ஏமாற்று என்று சொல்லவில்லை. பாரத்தைக் கீழே இறக்கியிருப்பதால் 29 பாகையிலும் பந்து உயரமாகத்தான் போகிறது. ஆனால் நண்பரோடு தூரத்தில் போட்டி போட்டு மனம் நோகத் தேவையில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தம்பி, "அப்ப இப்போதைக்கு என்ன செய்யிறது?" என்றார்.

"பிடியை மாற்றுங்க."

அவர் முகத்தில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. டைகரின் அயன் கேட்டு வந்தவருக்கு ரப்பர் பிடியா? ஆனால் கொழும்பு வெயிலும் வியர்வையும் பிடியைத் தின்றுவிடும். ஒரு வருடத்தில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். வழுக்கினால் கை இறுக்கும், கை இறுக்கினால் நுனியில் படும். அவருடைய பிடிகளில் பெருவிரல் இருந்த இடம் பளபளவென்று கண்ணாடி போலிருந்தது. தொழில்முறை ஆட்கள் ஒரு சீசனில் எத்தனையோ தடவை பிடி மாற்றுகிறார்கள். எங்களவர்கள் புதுத் தலைக்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்கள், பிடிக்கு மட்டும் "இன்னும் ஓடும்" என்பார்கள்.

பிடி போடுகிற வேலை எனக்குப் பிடித்தமானது. கொக்கிக் கத்தியால் பழையதை உடம்புக்கு எதிர்ப்பக்கமாகக் கீறி உரிப்பேன். அடியில் காய்ந்த டேப்பைச் சுரண்ட வேண்டும், அதுதான் நேரம் தின்னும். பிறகு இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைத் தண்டில் நீளமாகச் சுற்றி, மிஞ்சியதைக் குழாய் வாய்க்குள் மடித்து விடுவேன். புதுப் பிடியின் அடித்துளையைப் பந்து வைக்கிற டீ ஆணி ஒன்றால் அடைத்து, உள்ளே பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே தள்ளில் ஏற்றிவிட வேண்டும். பாதியில் நின்று யோசித்தால் போச்சு, அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஏறியதும் நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்ப அரை நிமிடம்தான். இரவு முழுக்கக் காயவிட்டால் காலையில் தோல் மாதிரி.

பெட்ரோல் என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360க்குப் போனது, பிடிகள் வருவதே நின்றது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால்மாவோடு பிடிகளையும் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த பதின்மூன்று பிடிகளை ஒருவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், போட என்னிடம் பெட்ரோல் இல்லை. அப்போது பெட்ரோல் பங்கீடு, கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். அதில் அரை லீற்றரைக் கோல்ப் பிடிக்கு ஊற்றினேன் என்று தெருவில் தெரிந்தால் உதைத்திருப்பார்கள், நியாயமாகவும் இருந்திருக்கும். கடையிலிருந்து பெயின்ற் கரைக்கிற டர்பன்டைன் கொண்டுவந்து பார்த்தேன். ஏறியது. ஆனால் காய இரண்டு நாள், மணம் போக ஒரு கிழமை. அந்த செட்டின் சொந்தக்காரர் திடலில் நடந்தால் கதவுக்குப் பெயின்ற் அடித்த வீடு நடந்துபோகிற மாதிரி இருந்ததாக அவருடைய கேடி சொன்னான்.

எங்கள் ஆட்களில் தொழில்முறையாக ஆடுகிற தங்கராஜா, பிரபாகரன் போன்றவர்கள் இந்தியத் தொடர்களில் ஆடி வென்ற செய்தி வந்தால் நான் பத்திரிகைத் துண்டை வெட்டி வைப்பேன். படத்தில் என் கண் போவது முகத்துக்கு இல்லை, கையிலிருக்கிற அயனுக்கு. அது என்ன மொடல் என்று என்னிடம் கேட்காதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் தேய்ந்த இடம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

தம்பியின் கதை இப்படிப் போகிறது. மாமா வந்தார். டைகரின் செட் வரவில்லை, அதைவிட மலிவாக ஒரு கேவிட்டி செட் வந்தது, அடித்துச் செய்தது, ஐந்தாம் நம்பரிலிருந்து. மூன்றும் நாலும் தேவையில்லை என்று தம்பியே முடிவெடுத்து, அந்த இடத்துக்கு அடிக்க இலகுவான ஹைபிரிட் கிளப் ஒன்று எடுத்திருக்கிறார். 1938இல் பதினாலு கிளப்புக்கு மேல் கூடாது என்று விதி போட்டவர்களுக்குக் கேடிகள் எல்லோரும் கடமைப்பட்டவர்கள், தம்பி பதினொன்றோடு வந்து நின்றார். நான் லையை ஒரு பாகை படுத்தினேன், பிடியை அவர் கைக்கு ஒரு சுற்று டேப் கூட்டிப் போட்டேன்.

போன ஞாயிறு மறுபடி வலைக்கு வந்தார். பவுடர் டின் இரண்டு வாங்கி வைத்திருந்தேன், அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. ஏழாம் நம்பரைப் பையிலிருந்து உருவி முகத்தைத் துடைத்தபோது நடுவுக்குக் கொஞ்சம் நுனிப்பக்கமாக, ஐம்பது சத நாணயம் அளவுக்கு, குரோம் லேசாக மங்கியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்.

அம்மா குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு யாருக்குடா பூசுற?"

"பூசத் தேவயில்லம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய்ப் பொட்டலத்தை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.